கொடுக்கும் பட்டை

மணி ஆறு அடித்து நாலு நிமிஷம் ஆகியிருந்தது. தாரணி மொட்டை மாடியில் பாயை விரித்து, கைகளையும் முழங்கால்களையும் ஊன்றி, முதுகைப் பூனை மாதிரி வளைத்துக்கொண்டிருந்தாள். ஏழாவது தடவை வளைக்கும்போது கீழே கூடத்திலிருந்து சத்தம் வந்தது.

“ஏ தாரணி! சித்த நிறுத்து புள்ள! காப்பி சிந்துதல்ல?”

நிறுத்தினாள். நிறுத்தாமல் என்ன செய்வது? கீழே அவள் புருஷன் பூபதி இடுப்பில் ஒரு பட்டையைக் கட்டிக்கொண்டு கட்டிலில் சாய்ந்திருந்தான். அவள் இடுப்பிலும் ஒரு பட்டை. இவள் மாடியில் முதுகை வளைத்தால் அங்கே அவன் முதுகுச் சதையும் இழுத்து வளையும். இவள் மல்லாந்து படுத்து இடுப்பைத் தூக்கினால் அவன் இடுப்பும் கட்டிலைவிட்டு எழும்பும். உடற்பயிற்சி அவனுக்கு, உடம்பை முறிப்பது இவள். அதற்கு நடுவில் துரைக்குக் காப்பி வேறு.

“குடிச்சாச்சுங்களா?” என்று மாடியிலிருந்தே கேட்டாள்.

“சூடா இருக்குது. ஆத்தோணும்.”

நாலு காலில் நின்றபடியே காத்திருந்தாள். பக்கத்து மாடியில் கோகிலா மல்லாந்து படுத்து ஒரு காலைத் தூக்கிக்கொண்டிருந்தாள். அதற்கடுத்த மாடியில் பல் டாக்டர் சம்சாரம். அந்தத் தெருவில் விடிந்ததும் பெண்கள் இப்படி மாடிக்கு மாடி வளைவதும் நெளிவதுமாக இருக்க, வீட்டுக்குள் ஆண்கள் படுத்தவாக்கில் துள்ளிக்கொண்டிருப்பது நாமக்கல்லில் சாதாரணமாகி ஒரு வருஷம் ஆகிறது. கோயம்புத்தூரில் வசதியானவர்கள் இதற்கென்றே ஆள் வைத்துக்கொள்கிறார்களாம். ஒரு பெண் காலை எட்டு மணிக்குள் மூன்று பங்களாவுக்கு வளைந்துவிட்டு நாலாவது பங்களாவுக்கு பஸ் பிடிக்கிறாளாம். நாமக்கல்லில் எதற்கு ஆள்? கட்டிய பெண்டாட்டி இருக்கிறாளே!

பூபதி லாரி டிரைவர். ஒரு லாரிக்கு ஒரு டிரைவர் என்றிருந்த காலம் போய், ஐந்து லாரிக்கு ஒரு டிரைவர் என்று ஆகிவிட்டது. முன்னால் போகும் லாரியில் மட்டும் மனிதன் உட்கார்ந்திருப்பான். பின்னால் நாலு லாரிகள் அதன் வாலைப் பிடித்துக்கொண்டு தாமாகவே நாக்பூர் வரைக்கும் போய்விடும். அந்த முன் லாரி இருக்கை கிடைப்பது லேசுப்பட்ட காரியமா? ஊரில் நூறு பேர் போட்டியிட்டதில் பூபதிக்குக் கிடைத்தது. ஆறு வருஷம் உட்கார்ந்து ஓட்டினான். ஏழாவது வருஷம் இடுப்பு பிடித்துக்கொண்டது. ஸ்டியரிங்கில் இருப்பவனுக்கு இடுப்பு திடீரென்று வெட்டி இழுத்தால் ஐந்து லாரியும் சேர்ந்து பள்ளத்தில் இறங்கும் என்பதால் லாரி ஆபீஸில் ஒரு சட்டம் வைத்திருந்தார்கள். வலியின் அளவு பத்துக்கு மூன்றுக்குக் கீழே இருக்க வேண்டும், அதற்கு பிசியோதெரபிஸ்ட் கையெழுத்துப் போட வேண்டும். பன்னிரண்டு வாரத்துக்குள் அந்தச் சான்றிதழ் வராவிட்டால் இருக்கை அடுத்தவனுக்கு.

இருக்கை போனால் அப்புறம் பூபதி நிரந்தரமாக வீட்டோடுதான். மாதத்தில் இருபது நாள் ரோட்டில் இருக்கிறவரைக்கும் அவன் தங்கமான மனுஷன். கட்டிலில் விழுந்த இந்தச் சில வாரத்தில் மின்விசிறியைக் கூட்டு, குறை, தலைகாணியை நகர்த்து, எங்கே போனாய், ஏன் இவ்வளவு நேரம் என்று ஆளைக் கொன்றெடுத்துவிட்டான். எப்படியாவது இந்த மனுஷனை வண்டியேற்றி அனுப்பிவிட வேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு அப்போது வேறு ஆசை இல்லை.

முதலில் ஷாகிதா மேடத்திடம்தான் போனார்கள். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் சின்னதாக கிளினிக் வைத்திருக்கும் பிசியோதெரபிஸ்ட். அவர் பொறுமையாக ஐந்து பயிற்சி சொல்லிக்கொடுத்தார்.

“இதைவிட அது ஒசத்தி, அதைவிட இது ஒசத்தின்னு ஒண்ணும் கெடையாதுங்க. எதைச் செஞ்சாலும் நல்லதுதான். ஆனா செய்யணும். தினமும் செய்யணும். மொதல்ல கொஞ்சம் வலிக்கும், பயந்துடாதீங்க.”

பூபதி மூன்று நாள் செய்தான். நாலாம் நாள், “என்ற ஒடம்புவாகுக்கு இதெல்லாம் ஒத்துக்காது” என்று படுத்துவிட்டான். அந்த வாரமே பட்டைக் கம்பெனி ஆள் பெட்டியோடு வந்து சேர்ந்தார்.

“உங்க மூளை சதைக்கு ஒரு உத்தரவு போடுதுங்களா, அதை இந்தக் கொடுக்கும் பட்டை படிச்சுக்கும். அந்த வாங்கும் பட்டைக்கு அனுப்பும். அது அவருடைய சதைக்கு அதே உத்தரவைப் போடும். சாரு படுத்திருந்தாப் போதும்” என்று அவர் விளக்கினார். “வீட்டுல ஒருத்தரு செஞ்சாப் போதுமுங்க.”

அந்த ஒருத்தர் யார் என்று யாரும் கேட்கவில்லை. எல்லோரும் தாரணியைப் பார்த்தார்கள்.

“நான் கோழிப்பண்ணைக்கு ஏழு மணிக்குப் போகோணும்” என்றாள் தாரணி.

பூபதியின் அக்கா பரிமளா, இவளுக்கு நங்கையா, அன்றைக்குப் பார்த்து வந்திருந்தாள். “ஏன் அம்மிணி, அவன் வண்டி திண்டிவனத்துக்கிட்ட கவுந்தப்ப அடிப்பிரதட்சணம் பண்ணுனது ஆரு? நீதான? அவனா பண்ணுனான்? வேண்டுதல் பலிச்சுதா இல்லியா?”

“பலிச்சுதுங்க.”

“அப்புறமென்ன? புருசனுக்கு நோவுன்னா பொண்டாட்டி செஞ்சா அவனுக்குப் போய்ச் சேரும். இத்தனை நாளு சாமி சேத்துச்சு. இப்ப கரண்டு சேக்குது.”

இதற்கு மேல் பேச வாயிருக்கிறதா? தாரணி பட்டையைக் கட்டிக்கொண்டாள். கம்பெனி ஆள் பூபதியைப் படுக்க வைத்து, இவளை மூன்று தடவை குனிந்து நிமிரச் சொன்னார். பல்லைக் கடித்துக்கொண்டு குனிந்தாள், நிமிர்ந்தாள். அவர் கையிலிருந்த திரையில் ஒரு எண் வந்தது.

“வலி எட்டுங்க” என்றார் அவர்.

பரிமளா தம்பியின் தலையைத் தடவினாள். “எட்டு! சாமீ! பத்துக்கு எட்டு வலியை வெச்சுக்கிட்டா கண்ணு இந்தக் கட்டுல்ல கெடந்த?”

பூபதிக்கே கண் கலங்கிவிட்டது. “நானும் சொல்லிச் சொல்லிப் பாத்தனுங்க. இந்த வீட்டுல எவ நம்புனா?”

தாரணிக்கு உள்ளே சுருக்கென்றது. அவள் நம்பியிருக்கவில்லை என்பது உண்மைதான். பாதி வலி, பாதி வேஷம் என்றுதான் நினைத்திருந்தாள். எட்டு என்றால் பிரசவத்துக்குக் கொஞ்சம் கீழே என்று கம்பெனி ஆள் வேறு சொன்னார். பாவம், இந்த மனுஷனைப் போய் வாய்க்கு வந்தபடி பேசினோமே என்று அன்று ராத்திரி அவனுக்குக் கறிக்குழம்பு வைத்தாள்.

எட்டு என்ற செய்தி உறவெல்லாம் பரவியது. ஒரம்பரைச் சனங்கள் வந்து வந்து பார்த்தார்கள். ஆரஞ்சு வந்தது, ஆப்பிள் வந்தது, ஆளாளுக்கு ஒரு எண்ணெய் வந்தது. “எட்டோட எப்படிப்பா தாங்கற?” என்று பெரியப்பா மகன் கேட்டதற்கு, “மனசுதாங்கண்ணா காரணம்” என்று பூபதி பதில் சொன்னான். தாரணி வந்தவர்களுக்கெல்லாம் தண்ணீர் கொடுத்து, காப்பி கொடுத்து, டம்ளர் கழுவினாள்.

பயிற்சி ஓடியது. ஓடிய லட்சணத்தை என்னவென்று சொல்வது! “மெதுவாத் தூக்கு, இழுக்குது” என்பான். “வேகமா முடி, நியூஸ் வருது” என்பான். ஒருநாள் அவன் சவரம் செய்துகொண்டிருப்பது தெரியாமல் இவள் இடுப்பைத் தூக்கிவிட, கன்னத்தில் கீறல் விழுந்து அதற்கு ஒரு வாரம் பேச்சு. தாரணிக்குச் சளி பிடித்து இரண்டு நாள் படுத்தபோது, “என்ற முதுகு என்னாவறது?” என்று கேட்டான். வருகிறவர்களிடம் மட்டும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, “ஒரு நாள் தவற மாட்டனுங்க. ஆறு மணின்னா ஆறு மணி” என்பான். பக்கத்தில் நின்று கேட்கும் தாரணிக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் திரையில் எண் இறங்கிக்கொண்டிருந்தது. எட்டு ஏழாச்சு. ஏழு, ஐந்தரையாச்சு. அதைப் பார்த்துப் பார்த்துக் கோபத்தை முழுங்கிக்கொண்டாள்.

ஏழு மணிக்கு அவள் பண்ணையில் இருக்க வேண்டும். கூண்டு வரிசை கூண்டு வரிசையாகக் குனிந்து முட்டை பொறுக்கி, முப்பது முப்பதாக அட்டையில் அடுக்கி, ஆறு அட்டை சேர்ந்ததும் தூக்கிக்கொண்டு போய் வண்டியில் வைக்கும் வேலை. பதினைந்து வருஷமாக அதைத்தான் செய்கிறாள். ஒரு வரிசை முடிந்து நிமிரும்போது அங்கே இருக்கிற எட்டுப் பெண்களும் இடுப்பில் கை வைத்து ஒரே குரலில் “அம்மாடி” என்பார்கள். மிஷின் சத்தம் மாதிரி அதுவும் பண்ணையில் ஒரு சத்தம். அதை வலி என்று யாரும் சொல்வதில்லை. பிடிப்பு என்பார்கள். வெயிலுக்கு வியர்ப்பதைப் போய் நோய் என்று சொல்வார்களா?

எட்டாவது வாரம் சூப்பர்வைசர் கேட்டார். “என்ன தாரணி, எட்டு அட்டை சேத்துத் தூக்கறே?”

அப்போதுதான் அவளே கவனித்தாள். “சித்திரையில்லீங்களா? வெயிலுக்கு முட்டை சிறுத்துப் போச்சுங்க. அட்டை கனமே இல்லை” என்றாள். வெயில் காலத்தில் கோழி தீனி எடுக்காமல் முட்டை சிறுத்துப்போவது நாமக்கல்லில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். சூப்பர்வைசரும் சரி என்று போய்விட்டார். மற்ற ஏழு பெண்கள் அம்மாடி என்று நிமிர்ந்தபோது தாரணி சும்மா நிமிர்ந்தாள் என்பதை அவரும் கவனிக்கவில்லை, அவளும் கவனிக்கவில்லை.

பன்னிரண்டாம் வாரம் எண் இரண்டுக்கு வந்தது. பூபதி புதுச் சட்டை போட்டுக்கொண்டான். பரிமளா பழனி பஞ்சாமிர்தம் ஒரு டப்பா எடுத்துக்கொண்டு வந்தாள். மூன்று பேரும் ஆட்டோ பிடித்து ஷாகிதா மேடத்திடம் சான்றிதழ் வாங்கப் போனார்கள். ஆட்டோவில் ஏறும்போது பூபதி முனகியது தாரணியின் காதில் விழுந்தது. பழக்கதோஷம் என்று விட்டுவிட்டாள்.

ஷாகிதா பன்னிரண்டு வாரத்துக் கோட்டைத் திரையில் விரித்துப் பார்த்தார். எட்டில் ஆரம்பித்து இரண்டில் வந்து நின்ற கோடு.

“அருமையா எறங்கியிருக்கு” என்றார். “வாங்க பூபதி. கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி நானும் ஒரு தடவை பாத்துடறேன். கொடுக்கும் பட்டையைக் கட்டிக்குங்க.”

“நான் வாங்கறவனுங்க. அவதான் கொடுக்கறவ” என்றான் பூபதி.

ஷாகிதாவின் கை அப்படியே நின்றது. “வலி அளக்கறது கொடுக்கும் பட்டையிலதாங்க. படுத்துக்கெடக்கற இடுப்பை அளக்க முடியாது. தானா அசையற இடுப்பைத்தான் அளக்க முடியும். இது உங்களுக்கு யாரும் சொல்லலியா?”

யாரும் சொல்லவில்லை. பட்டையோடு வந்த புத்தகம் அரிசி டிரம்முக்கு அடியில் ஆட்டம் நிற்பதற்காக வைக்கப்பட்டிருந்தது. பூபதி பட்டையைக் கட்டிக்கொண்டு குனிந்தான். முழங்காலுக்குக் கை போகும்போதே, “ஐயோ அம்மா” என்று மேஜையைப் பிடித்துக்கொண்டான். திரையில் நாலு என்று வந்தது.

ஷாகிதா பெருமூச்சு விட்டார். பட்டையைக் கழற்றித் தாரணியிடம் நீட்டினார். தாரணி கட்டிக்கொண்டு மூன்று தடவை குனிந்து நிமிர்ந்தாள். தரையைத் தொட்டு நிமிர்ந்தாள். இரண்டு.

“அந்த எட்டு உங்களுடையதும்மா” என்றார் ஷாகிதா.

தாரணிக்குச் சட்டென்று விளங்கவில்லை. “எனக்குப் பிடிப்பு மட்டுந்தானுங்களே?” என்றாள்.

“உங்களை மாதிரி இந்த மாசம் ஏழாவது வீடு இது. ஏழு வீட்டுலயும் மொதல் நாள் எண்ணு ஆறுக்குக் கீழே இல்லை. ஒம்போது வந்தது ஒரு அக்காவுக்கு, செங்கல் சூளையில வேலை. அவங்களும் பிடிப்புன்னுதான் சொன்னாங்க.” அவர் குரலில் எரிச்சல் ஏறியிருந்தது. “கம்பெனிக்கு நாலு தடவை எழுதிட்டேன். பட்டை நல்லா வித்துக்கிட்டிருக்குங்கறாங்க.”

பூபதி வாயைத் திறந்தான். முதலில் கேட்ட கேள்வி இதுதான்: “அப்ப எனக்கு மொதல் நாள் எத்தனைங்க இருந்திருக்கும்?”

“ஆரு கண்டா? மூணு இருக்கலாம். பன்னண்டு வாரம் படுத்துட்டதுல நாலா ஏறியிருக்கும்.”

“சதையெல்லாம் கெட்டியாயிருக்குதுங்களே! தொட்டுப் பாருங்க.”

“கெட்டியாத்தான் இருக்கு, நான் இல்லைங்கல. ஆனா முதுகுவலி சதையில மட்டும் இல்லீங்க. குனிஞ்சா ஒடிஞ்சுபோகும்னு உள்ள ஒரு பயம் உக்காந்திருக்கு பாருங்க, நீங்களா குனிஞ்சு ஒண்ணும் ஒடியலன்னு பாத்தாத்தான் அது எறங்கும். அதை அடுத்தவங்க உங்களுக்காகச் செய்ய முடியாது.”

பரிமளா பஞ்சாமிர்த டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தாள். தாரணி அந்தக் கோட்டின் முதல் புள்ளியையே பார்த்துக்கொண்டு நின்றாள். எட்டு! அந்த எட்டுக்காகத்தானே நங்கையா உருகினாள்? அந்த எட்டுக்காகத்தானே ஆரஞ்சும் ஆப்பிளும் வந்தன? ஊரே வந்து அவளுடைய வலிக்காகத்தான் உச்சுக்கொட்டியிருக்கிறது, அவள் கையால் காப்பி வாங்கிக் குடித்துக்கொண்டு. அவளும்தானே அந்த எட்டுக்கு இரக்கப்பட்டுக் கறிக்குழம்பு வைத்தாள்! அவளுக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. முதலில் அவன்மேல், அப்புறம் நங்கையாமேல், கடைசியில் பதினைந்து வருஷம் அதைப் பிடிப்பு என்று சொல்லிக்கொண்டு திரிந்த தன்மேலேயே.

ஷாகிதா லாரி ஆபீஸுக்கு போன் போட்டுப் பேசினார். ஆறு வாரம் தவணை கொடுத்தார்கள். அதற்குள் பூபதி தானாகச் செய்து மூன்றுக்குக் கீழே இறக்கிக் காட்ட வேண்டும். அதுதான் கடைசி. ஆட்டோவிலேயே திரும்பினார்கள். வீட்டு வாசலில் இறங்கும்போது பரிமளா டப்பாவைத் தாரணியின் கையில் திணித்துவிட்டு, முகத்தைப் பார்க்காமல், “நீ தின்னு அம்மிணி” என்று சொல்லிவிட்டு அதே ஆட்டோவில் போய்விட்டாள்.

மறுநாள் ஆறு மணி. பூபதி பழக்கத்தில் வாங்கும் பட்டையைக் கட்டிக்கொண்டு கட்டிலில் சாய்ந்திருந்தான். தாரணி வந்து அதைக் கழற்றிப் போட்டுவிட்டு, கொடுக்கும் பட்டையை அவன் இடுப்பில் இறுக்கிக் கட்டினாள். பாயைக் கூடத்தின் நடுவில் விரித்தாள்.

“எந்திரிங்க.”

“இன்னிக்கு ஒரு நாளு நீ பண்ணு தாரணி. நாளைக்கு இருந்து நானு...”

“எந்திரிங்கன்னனுங்க.”

“வலிக்குதுல்ல புள்ள! நாலு!”

“எட்டை வெச்சுக்கிட்டு நான் பதினஞ்சு வருசமா முட்டை பொறுக்கறேன். நாலை வெச்சுக்கிட்டு நீங்க பாய்க்கு எறங்கறதுக்கென்ன?”

அவள் குரல் உயரவில்லை. அதனால்தானோ என்னவோ அவன் எழுந்தான். முனகிக்கொண்டே பாயில் இறங்கி, கைகளையும் முழங்கால்களையும் ஊன்றினான். தாரணி நாற்காலியை இழுத்துப் போட்டு, காப்பி டம்ளரோடு உட்கார்ந்தாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் காலை ஆறு மணிக்கு அவள் உட்கார்ந்து காப்பி குடிப்பது அதுதான் முதல் தடவை. சூடாக இருந்தது. ஆற்றிக் குடித்தாள்.

“பத்துத் தடவை. முதுகைத் தூக்குங்க. ஒண்ணு.”

தூக்கினான். “ஐயோ” என்றான். பக்கத்துச் சுவரில் மாட்டியிருந்த திரையில் நாலு வந்தது, நாலரை ஆனது, மறுபடியும் நாலுக்கு வந்தது. நெற்றியில் வியர்வை துளிர்த்துப் பாயில் சொட்டியது. அவன் தலையைத் தொங்கப்போட்டான். அழுகிறானோ என்று தாரணி எட்டிப் பார்த்தாள்.

“தாரணி.”

“என்னுங்க?”

“எட்டுன்னா...” அவன் தலையைத் தூக்கவில்லை. “எட்டுன்னா, இதும்மாதிரி ரண்டு பங்கா புள்ள?”

தாரணி டம்ளரைக் கீழே வைத்தாள்.

“மூச்சை விடுங்க” என்றாள். “இன்னும் ஒம்போது இருக்குது.”